எவோரா: அரைநாளில் பார்த்து முடிக்கும் ஊரல்ல

வாசகர் கேள்வி – பதில்

போர்த்துக்கல் பயணம் தொடர்பாக வாசகர்கள் எழுதிய கடிதங்களுள் எவோரா நகரம் பற்றியவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டுள்ளேன். கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். வரும் ஏப்ரலில் இலண்டனிலுள்ள மகன் குடும்பத்தினருடன் ஆறு நாட்கள் போர்த்துக்கல் செல்லவிருக்கிறேன். பயண முகவர் தந்த நிரலில் லிஸ்பனுக்கே பெரும்பாலான நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. எவோராவுக்கு அரைநாள்தான், அதுவும் வேறோர் ஊருடன் சேர்த்து. அரைநாள் போதுமா, அல்லது எவோராவையே விட்டுவிடலாமா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: ஐயா, அரைநாள் போதாது, விட்டுவிடவும் கூடாது. லிஸ்பனில் தங்கும் நாட்களைக் குறைத்தாவது எவோராவில் இரண்டு இரவுகள் தங்குங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை.

லிஸ்பன் பார்க்கத்தக்க நகரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1755 நவம்பர் 1ஆம் திகதி நிகழ்ந்த நிலநடுக்கமும், அதைத் தொடர்ந்த கடற்பெருக்கும் தீயும் அந்நகரின் பெரும்பகுதியை அழித்துவிட்டன. ஆற்றங்கரையை ஒட்டிய மையப் பகுதியில் இன்று நாம் காணும் நேர்கோட்டுத் தெருக்கள், அதன் பின்னர் அரசரின் அமைச்சரான பொம்பல் பிரபுவின் மேற்பார்வையில் புதிதாகத் திட்டமிட்டு எழுப்பப்பட்டவை. வாஸ்கோ ட காமாவின் கல்லறை உள்ள ஜெரோனிமோஸ் மடாலயம் போன்ற சில பழைய கட்டடங்கள் தப்பிப் பிழைத்தன; அவற்றைக் கட்டாயம் பாருங்கள். ஆயினும், நம் கரைக்குக் கப்பல்கள் வந்த அந்தப் பதினாறாம் நூற்றாண்டின் போர்த்துக்கல்லைத் தெருத்தெருவாக நடந்து காண விரும்பும் ஒருவர் லிஸ்பனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றர் உள்நாட்டில், அலென்தேஜோ சமவெளியில் உள்ள எவோராவுக்குத்தான் போக வேண்டும். போர்த்துக்கேய அரசர்கள் தம் அவையுடன் அடிக்கடி வந்து தங்கிய நகரம் அது. மதில்களுக்குள் அடங்கிய அதன் பழைய பகுதி முழுவதையும் யுனெஸ்கோ 1986ஆம் ஆண்டிலேயே உலக மரபுரிமையாக அறிவித்தது.

கொழும்பில் வாழும் நமக்கு இது இன்னும் ஒருபடி முக்கியமாகிறது. போர்த்துக்கேயர் கட்டிய கொழும்புக் கோட்டையை 1656இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதைத் தமது திட்டப்படி மாற்றிக் கட்டினர். ஒல்லாந்தரின் மதில்களை ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்தனர். ஆகவே, பாடப்புத்தகத்தில் நீங்கள் ஆண்டுதோறும் கற்பித்த அந்தக் காலத்தை இங்கே கோட்டைப் பகுதியில் நின்று மாணவருக்குக் காட்ட ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. எவோராவில் அது மிஞ்சியிருக்கிறது. அதற்கு முந்திய காலங்களும் மிஞ்சியிருக்கின்றன.

நகரின் மேட்டில் நிற்கும் உரோமர் ஆலயத்திலிருந்து தொடங்குங்கள். முதலாம் நூற்றாண்டில் எழுந்த இக்கட்டடத்தில் பதினான்கு தூண்கள் இன்றும் நிற்கின்றன. தூண்களின் உடல் கருங்கல். அடிப்பீடமும் மேலே இலை வடிவில் செதுக்கிய தலைப்பகுதியும் பளிங்கு. டயானா தேவியின் கோயில் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர், உரோமப் பேரரசரை வழிபடவே இது எழுப்பப்பட்டது என்பதே ஆய்வாளர் கருத்து. வரலாற்று ஆசிரியரான உங்களுக்குத் தூண்களைவிட அவை தப்பிய கதை சுவையாக இருக்கும். இடைக்காலத்தில் தூண்களுக்கு இடையே சுவரெழுப்பி, இந்தக் கட்டடத்தை வேறு தேவைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1836 வரை இது நகரின் இறைச்சிக் கொட்டிலாக இயங்கியது. புழக்கத்தில் இருந்தமையால் யாரும் இதை இடித்துக் கல்லெடுக்கவில்லை. பின்னர்தான் சுவர்கள் அகற்றப்பட்டுத் தூண்கள் வெளிப்பட்டன.

அங்கிருந்து சில அடிகளில் பேராலயம். 1186இல் தொடங்கப்பட்ட இக்கருங்கற் கட்டடம் வெளியிலிருந்து பார்த்தால் வழிபாட்டிடத்தைவிடக் கோட்டையையே அதிகம் ஒத்திருக்கும். கூரைத் தளத்துக்கு ஏற அனுமதி உண்டு. முழங்கால் இடங்கொடுத்தால் ஏறுங்கள், சமவெளி முழுவதும் கண்ணுக்கு எட்டும். உள்ளே, கருவுற்ற நிலையில் வயிற்றில் கைவைத்து நிற்கும் மரியாளின் வண்ணந்தீட்டிய கற்சிலை ஒன்று உள்ளது. அதன் முன் சற்று நேரம் நில்லுங்கள். அங்குள்ள பழைய ஓர்கன் இசைக்கருவிக்கும் ஒரு கதை உண்டு: 1584இல் ஜப்பானிலிருந்து உரோமாபுரிக்குத் தூது சென்ற கிறிஸ்தவ இளைஞர்கள் எவோராவில் தங்கியபோது அவர்களுள் இருவர் இதை வாசித்து நகரத்தாரை வியக்கவைத்தனர்.

அடுத்து, பலரும் அவசரத்தில் தவறவிடும் இடமான பல்கலைக்கழகம். 1559இல் கர்தினால் ஹென்றிக்கே நிறுவி இயேசு சபையாரிடம் ஒப்படைத்தார்; சரியாக 200 ஆண்டுகளின் பின், பொம்பல் பிரபு இயேசு சபையாரை நாட்டைவிட்டு வெளியேற்றிய 1759இல் அது மூடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் உயிர்பெற்று, இன்று மாணவர்கள் அதே அறைகளில் படிக்கிறார்கள். அந்த வகுப்பறைகளின் சுவர்களை நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ மார்பளவு உயரத்துக்கு நீலமும் வெள்ளையுமான வண்ண ஓடுகள் பதித்து, எந்த அறையில் எந்தப் பாடம் கற்பிக்கப்பட்டதோ அந்தப் பாடத்தையே சித்திரமாக்கியிருக்கிறார்கள். ஓர் அறையில் பிளேட்டோ சீடர்களுக்கு உபதேசிக்கிறார். இன்னோர் அறையில் அரிஸ்டோட்டில் இளைய அலெக்சாண்டருக்குப் பாடம் சொல்கிறார். ஆசிரியர் ஏறி நின்று பேசிய மரமேடைகூடச் சில அறைகளில் உள்ளது. வாழ்நாளெல்லாம் கரும்பலகை முன் நின்ற ஒருவர் இந்த அறைகளைக் காணாமல் திரும்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும். பயண முகவரின் அரைநாள் நிரலில் பெரும்பாலும் இதற்கு இடமிருப்பதில்லை.

இரண்டாம் நாள் காலையில் நீர்ப்பாலத்தைப் பாருங்கள். லிஸ்பனின் பெலேம் கோபுரத்தைக் கட்டிய பிரான்சிஸ்கோ த அருடாவே 1530களில் இதையும் அமைத்தார். ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தூரத்திலிருந்து நீரைக் கொண்டுவந்த இப்பாலத்தின் வளைவுகள் மதிலுக்குள் நுழைந்தபின் படிப்படியாக உயரம் குறைந்துகொண்டே வருகின்றன. கானோ தெருவில் அந்த வளைவுகளுக்கு உள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்: இருபுறமும் கருங்கல் தூண், மேலே வளைவு, நடுவில் வெள்ளைச் சுவரும் ஒரு கதவும் ஒரு யன்னலும். தெருவில் யாராவது துணி காயப்போட்டிருப்பார்கள். இவ்வளவு பெரிய கட்டுமானத்தை இவ்வளவு இயல்பாகப் புழங்கும் மக்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் அல்மென்றெஸ் என்ற இடத்தில், தக்கை மரங்களுக்கு நடுவே தொண்ணூறுக்கும் மேற்பட்ட நெடுங்கற்கள் நிற்கின்றன. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைவிடப் பழமையானவை. பஸ் வசதி இல்லை. மகன் கார் எடுத்தால் போய்வாருங்கள்.

லிஸ்பனிலிருந்து புகையிரதத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடுவதால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்கள் அடிக்கடி உண்டு. 65 வயது நிரம்பியவர்களுக்குப் புகையிரதத்தில் அரைக்கட்டணம் என்பதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். வழியில் யன்னலோரம் உட்கார்ந்தால், கீழ்ப்பகுதியில் பட்டை உரிக்கப்பட்டுச் செம்பழுப்பு நிறமாக நிற்கும் தக்கை மரங்களையும் அவற்றில் வெள்ளையாக எழுதப்பட்ட ஓர் இலக்கத்தையும் காண்பீர்கள். அது பட்டை உரித்த ஆண்டின் கடைசி இலக்கம். ஒருமுறை உரித்த மரத்தை மீண்டும் உரிக்க ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால், மறக்காதிருக்க மரத்திலேயே கணக்கு எழுதிவைக்கிறார்கள்.

ஏப்ரல் நல்ல தெரிவு. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அலென்தேஜோவில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. கொழும்பு வெயிலில் பழகியவர்களுக்கும் அந்த வறண்ட சூடு தாங்காது. தெருக்கள் யாவும் சிறு கற்கள் பதித்தவை, மழை தூறினால் வழுக்கும். ஆகையால் செருப்பை விட்டு, அடி பிடிக்கும் சப்பாத்து அணியுங்கள்.

கேள்வி: எவோராவில் மனித எலும்புகளால் கட்டிய சிற்றாலயம் ஒன்று இருப்பதாக அறிகிறேன். எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களை அங்கே அழைத்துச் செல்லலாமா? இறந்தவர்களின் எலும்பைக் காட்சிப்பொருளாக்கிப் பார்ப்பது கத்தோலிக்கர்களாகிய எங்களுக்குத் தகுமா?
– தாயார் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது காட்சிக்காகக் கட்டப்பட்டதன்று. நகரத்துக் கல்லறைகள் நிரம்பி இடமில்லாமற் போனபோது, புனித பிரான்சிஸ் ஆலயத்துத் துறவிகள் பதினேழாம் நூற்றாண்டில் அந்த எலும்புகளை எடுத்து, செபத்துக்கும் தியானத்துக்குமான இடமாக இதை அமைத்தார்கள். ஏறத்தாழ 5,000 பேரின் எச்சங்கள் என மதிப்பிடுகிறார்கள். வாயிலின் மேல், ‘இங்கே இருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று பொறித்திருக்கிறது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது குருவானவர் சொல்லும் வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வரி அந்நியமாகத் தோன்றாது.

உள்ளே சதுரத் தூண்களும் சுவர்களும் முழுவதுமாகத் தொடை எலும்புகளும் மண்டையோடுகளும் சாந்தில் வரிசையாகப் பதித்தவை. வெளிச்சம் சிறிய யன்னல்களால் மட்டுமே வருகிறது. கூரை வெள்ளையடித்து ஓவியம் தீட்டப்பட்டது. அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மண்டையோடும் அளவில் வேறுபடுவது தெரியும். சிறியவையும் உண்டு. அதைப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்பே கவனித்துவிடுவார்கள்.

பதினொரு வயதுப் பிள்ளையை, முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிட்டு அழைத்துச் செல்லலாம். எட்டு வயதுப் பிள்ளையைப் பொறுத்தவரை நான் தயங்குகிறேன். பெற்றோரில் ஒருவர் அந்தப் பிள்ளையுடன் மேல்மாடியில் இருக்கலாம். பல நாடுகளில் செய்யப்பட்ட கிறிஸ்து பிறப்புக் குடில்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன, பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். பிறகு ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். மண்டையோட்டுடன் முகம் சேர்த்துப் படமெடுப்பவர்களை அங்கே காண்பீர்கள். உங்கள் பிள்ளைகள் அதைச் செய்ய விடாதீர்கள். அவை யாரோ ஒருவரின் தாய் தந்தையரின் எலும்புகள்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்லத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் கோட்டை (கோட்டே) இராச்சியத்துக்கு வந்த முதலாவது மறைப்பணியாளர் குழுவினர் இதே பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்தவர்களே.

கேள்வி: நல்லூர்க் கோயிலையும் திருக்கோணேச்சரத்தையும் இடித்தவர்களுடைய நாட்டுக்குப் போய், அவர்கள் கோயில்களின் அழகைப் பாராட்டும்படி தமிழருக்கு எழுதுகிறீர்கள். இது எந்த வகையில் நியாயம்?
– வாசகர் ஒருவர், தெஹிவளை

பதில்: உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் பிலிப் த ஒலிவேராவின் படையிடம் வீழ்ந்ததும், அடுத்த சில ஆண்டுகளுக்குள் நல்லூர்க் கோயிலும் திருக்கோணேச்சரமும் தகர்க்கப்பட்டதும் மறக்கத்தக்கவையல்ல. மறக்கும்படி எந்தப் பயணிக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்த நினைவோடு போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அப்படிப் போகிறவரின் கண்ணுக்கு எவோராவில் பிறர் காணாதவை தெரியும்.

உரோமர் ஆலயத்துக்கு அருகிலேயே ஒரு மாளிகை நிற்கிறது. சமய விசாரணை மன்றம் இயங்கிய இடம் அது. அம்மன்றம் 1536இல் போர்த்துக்கல்லில் நிறுவப்பட்டபோது அரசவை தங்கியிருந்த எவோராவில்தான் தொடங்கியது. அதற்கு முன்பே, 1496இல் மன்னன் மனுவேல் யூதர்களும் முஸ்லிம்களும் நாட்டைவிட்டு நீங்க வேண்டும் எனக் கட்டளையிட்டு, மறு ஆண்டில் யூதர்களைப் பலவந்தமாக ஞானஸ்நானம் பெறச் செய்தான். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வீட்டுக்குள் பழைய சமயத்தைக் கைக்கொள்கிறார்களா என்று தலைமுறை தலைமுறையாகத் துருவிய மன்றம் இது. இன்று சிற்றுண்டிச் சாலைகளின் நாற்காலிகள் பரந்து கிடக்கும் ஜிரால்டோ சதுக்கத்தில்தான் தீர்ப்புகள் மக்கள் முன் வாசிக்கப்பட்டன. சதுக்கத்திலிருந்து இறங்கும் மொயெடா தெரு, வணிகர் தெரு ஆகியவை பழைய யூதர் குடியிருப்பு; கூர் வளைவு கொண்ட கல் வாசல்கள் சில இன்னும் உள்ளன. நம் கோயில்களை இடித்த அதிகாரம் அதற்கு முன்பே தன் சொந்த ஊராரை என்ன செய்தது என்பதை அந்தத் தெருக்களில் நடந்தால் அறியலாம்.

இங்கே தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய ஒருவரைக் குறிப்பிட வேண்டும். எவோராவுக்குக் கிழக்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார்ப் பயணத் தூரத்தில் விலா விசோசா என்ற சிற்றூர் உள்ளது. தமிழில் அண்டிரிக் அடிகளார் என அறியப்படும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 1520இல் அங்கேதான் பிறந்தார். யூத மூதாதையர் வழிவந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் அவரால் நீடிக்க முடியவில்லை. பின்னர் இயேசு சபையில் சேர்ந்து 1546இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வாழ்ந்து தமிழைக் கற்று, ஐரோப்பியருக்காகத் தமிழ் இலக்கணமும் எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய அச்சு நூல். 16 பக்கங்கள்தான். அதற்கும் முன்னே, 1554இல், லிஸ்பனிலேயே தமிழ் மொழியில் ஒரு நூல் உரோமன் எழுத்தில் அச்சேறியது. அதன் தமிழை எழுதியவர்கள் அங்கே இருந்த தமிழர் மூவர்.

ஒரே நாட்டிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் கோயிலை இடித்தவர்களையும் நம் எழுத்தை அச்சிலேற்றியவரையும் கொண்டுவந்தன. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறாகாது. அடிகளாரின் அச்சுப்பணியும் மதமாற்றத்துக்காகவே நடந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆயினும், ஓர் ஊரில் பிறப்பால் சந்தேகத்துக்கு உள்ளாகிப் புறப்பட்ட ஒருவர், ஐம்பதாண்டுகளுக்கு மேல் தமிழர் நடுவே வாழ்ந்து 1600இல் தமிழ்க் கரையிலேயே இறந்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாதவனாக இருக்கிறேன். எவோராவில் இரண்டாவது இரவு தங்குங்கள் என வெள்ளவத்தை ஆசிரியருக்குச் சொன்னதற்கு விலா விசோசாவும் ஒரு காரணம். அங்கே பிரகன்சா பிரபுக்களின் நீண்ட பளிங்கு மாளிகையைப் பார்க்கலாம். பம்பாயைச் சீதனமாகக் கொண்டு இங்கிலாந்து மன்னனை மணந்த கத்தரீன் பிறந்ததும் அதே ஊரில். சுற்றிலும் பளிங்குச் சுரங்கங்கள் இருப்பதால், எளிய வீடுகளின் வாசற்படிகள்கூடப் பளிங்கால் ஆனவை.

கேள்வி: நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். எவோராவில் பட்டினி கிடக்க நேருமா?
– வாசகி ஒருவர், பம்பலப்பிட்டி

பதில்: பட்டினி நேராது, அம்மா, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் உண்ண வேண்டும். அலென்தேஜோவின் சமையல் பன்றியிறைச்சியையும் பாணையும் சுற்றியது. நல்ல செய்தி, அவர்கள் கொத்தமல்லித் தழையையும் உள்ளியையும் நம்மைப் போலவே தாராளமாகச் சேர்க்கிறார்கள். அசோர்டா என்பது உள்ளி, கொத்தமல்லி, உப்பு மூன்றையும் இடித்து, ஒலிவ் எண்ணெயும் கொதிநீரும் ஊற்றி, அதில் பழைய பாண் துண்டுகளை ஊறவிட்டுத் தருவது. மேலே முட்டை வைப்பார்கள், சில இடங்களில் மீன் அவித்த நீரையே ஊற்றுவார்கள். ஆகவே முட்டையும் மீனும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பச்சை இலைச் சூப்பில் இறைச்சித் துண்டு கிடக்கும், கவனம். எவோராவின் செம்மறிப் பாற்கட்டி ஒருவகை முட்செடிப் பூவின் சாற்றால் உறையவைக்கப்படுவது. கன்றின் இரைப்பைச் சாறு சேராததால் நீங்கள் மனக்குறையின்றி உண்ணலாம். உட்கார்ந்தவுடன் கேளாமலே மேசைக்கு வரும் பாண், ஒலிவ், பாற்கட்டி ஆகியவற்றுக்குப் பணம் அறவிடுவார்கள். வேண்டாமெனில் தொடாமல் திருப்பியனுப்பலாம்.

கேள்வி: எங்களிடம் பிரித்தானிய விசா உள்ளது. இலண்டன் போய்ச் சேர்ந்தபின் அங்கிருந்தே போர்த்துக்கல் விசாவுக்கு விண்ணப்பிக்கலாமா?
– வாசகர் ஒருவர், வத்தளை

பதில்: அதை நம்பிப் புறப்படாதீர்கள். பிரித்தானிய விசா போர்த்துக்கல்லுக்குச் செல்லாது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் தனியாக ஷெங்கன் விசா (போர்த்துக்கல் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பெற வேண்டும். அதை நீங்கள் வழக்கமாக வசிக்கும் நாட்டிலிருந்து விண்ணப்பிப்பதே விதி. குறுகிய கால விருந்தினராக இலண்டனில் நிற்பவரின் விண்ணப்பத்தை, தக்க காரணம் காட்டாவிட்டால், ஏற்க மாட்டார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களாவது இருக்க வேண்டும், ஆனால் முடிவு வர 45 நாட்கள் வரையும் செல்லக்கூடும். வளர்ந்தவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். கடவுச்சீட்டு, நீங்கள் ஷெங்கன் நாடுகளைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக இருக்க வேண்டும். போர்த்துக்கல்லில்தான் அதிக நாட்கள் தங்குகிறீர்கள் என்பது தங்குமிடப் பதிவுகளில் தெளிவாகத் தெரியவேண்டும், இல்லையேல் வேறு நாட்டின் அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள். இலண்டனுக்குத் திரும்பி வருவதாயின் உங்கள் பிரித்தானிய விசா பலமுறை நுழைவுக்குரியதா என்பதையும், திரும்பும் திகதியில் அது காலாவதியாகாமல் இருக்குமா என்பதையும் பயணச்சீட்டு வாங்கும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.